நொச்சிமேட்டு டவரை அணைத்தவர்

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் அஃப்தாபை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. "மினிஸ்டர் வந்துட்டாரு, பேப்பரை எடுத்துக் குடுங்கப்பா" என்பார்கள். காலை ஏழு மணிக்குச் செய்தித்தாள் கையில் வந்தால் சினிமா, கிரிக்கெட், கொலை, கொள்ளை எதையும் பார்க்காமல் நேராக வணிகப் பக்கத்துக்குப் போவார். எந்தத் தொலைபேசிக் கம்பெனி எதோடு இணைகிறது, அரசாங்கத்துக்குக் கட்டும் உரிமக் கட்டணம் எவ்வளவு, ரீசார்ஜ் மேல் எத்தனை சதவீதம் வரி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஜி.எஸ்.டி. வரி வந்த புதிதில், "நாம குந்திகினு கீறதே ஜி.எஸ்.டி. ரோட்டுலதான், நமக்குத் தனியா இன்னாத்துக்கு வரி?" என்று அந்த நெடுஞ்சாலையின் பெயரை வைத்து ஒருவர் கேட்க, கடையே சிரித்தது. அஃப்தாப் மட்டும் சிரிக்காமல், பதினெட்டு சதவீதம் எப்படி வருகிறது என்று விளக்க ஆரம்பித்துவிட்டார்.

பங்குச் சந்தையில் அவருக்கு ஒரு ரூபாய் கிடையாது. கம்பெனியில் பெரிய பதவியும் இல்லை. செல்போன் டவர்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் அவர். வயது நாற்பத்திரண்டு. பதினேழு வருடமாக அதே வேலை. திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம், அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே என்று இருபத்திரண்டு டவர்கள் அவர் பொறுப்பு. கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற வேண்டும். இடி விழுந்தால் கருகிப்போன எலக்ட்ரானிக் கார்டை மாற்ற வேண்டும். பேட்டரியை எவனாவது திருடிக்கொண்டு போனால் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டும்.

வணிகப் பக்கத்தின் மேல் அவருக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது படாளத்தில். ஒரு நாள் காலை அங்கே இன்னொருவருக்குப் பதிலாகப் போய் டவர் வேலையை முடித்துவிட்டு, வரப்போரம் உட்கார்ந்து நாஸ்தா பொட்டலத்தைப் பிரித்தார். இட்லி கட்டியிருந்த தாளில் சட்னி ஊறாத இடத்தில் தன் கம்பெனியின் பெயர் தெரிந்தது. தரங்கும் மெரிடாவும் இணைகின்றன, பங்குதாரர்கள் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள் என்று போட்டிருந்தது. தாள் மூன்று நாள் பழையது. அஃப்தாப் வேலை செய்தது தரங்கில். மெரிடா என்பது பதினைந்து வருடமாகத் தெருத் தெருவாக அவர்கள் சண்டை போட்டுவந்த எதிரிக் கம்பெனி. இரண்டும் ஒன்றாகப் போகிறது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

ஆறே மாதத்தில் அவரோடு சேர்த்து இருந்த இருபது டெக்னீஷியன்களில் பதினொரு பேர் வீட்டுக்குப் போனார்கள். மிச்சம் ஒன்பது பேரையும் ஒரு ஏஜென்சியின் கீழ் ஒப்பந்தத் தொழிலாளிகளாக மாற்றினார்கள். அந்த ஒன்பதில் அஃப்தாபும் ஒருவர். இனிமேல் தன் தலைவிதியை இட்லிப் பொட்டலத்தில் படிக்கக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தார். அடுத்த அடி எங்கிருந்து வருமோ, அது அந்தப் பக்கத்தில் முதலில் வரும் என்று நம்பினார்.

இருபத்திரண்டு டவர்களிலும் அவருக்கு நெருக்கமானது நொச்சிமேட்டுக்குப்பம் டவர்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, மணல்மேட்டில் எழுபது எண்பது வீடுகள் உள்ள மீனவக் குப்பம். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்த டவரை நிறுத்தியபோது லாரி மணலில் புதைந்து நின்றுவிட்டது. ஒவ்வொன்றும் ஆள் கனம் இருக்கும் பேட்டரிகளைக் குப்பத்து ஆட்கள்தான் மூங்கிலில் கட்டித் தோளில் சுமந்து வந்தார்கள். முன்னால் நின்று சுமந்தவர் வரதன். கறுத்து, குட்டையாக, எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனிதர். டவர் ஓட ஆரம்பித்த அன்று, தன் சின்ன மீன்பிடித் தெப்பத்தை எடுத்துக்கொண்டு அவர் கடலுக்குள் போய், ஏழு எட்டு கிலோமீட்டர் தாண்டி நின்று அஃப்தாபுக்குப் போன் செய்தார்.

"பாய்! நடுக்கடல்லேர்ந்து பேசறேன். உன் டவரு இன்னாமா கேக்குது தெரியுமா!"

அன்றிலிருந்து குப்பத்துக்குப் போனால் வரதன் வீட்டில் சாப்பிடாமல் அஃப்தாபை அனுப்பமாட்டார்கள். வரதனின் மனைவி தனகோடி மாமல்லபுரம் மார்க்கெட்டில் மீன் விற்றவள். கரை சேருமுன் வரதன் கடலிலிருந்து போன் செய்து இன்ன மீன், இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். அவள் அதற்குள் ஓட்டல்காரர்களிடம் பேசி விலை முடித்துவிடுவாள். என்ஜின் கெட்டால், வலை சிக்கினால், காற்று திரும்பினால் எல்லாவற்றுக்கும் அந்தப் போன்தான். குப்பம் முழுக்கத் தரங் சிம்தான் வைத்திருந்தது. வேறு எந்தக் கம்பெனியின் டவரும் அப்போது அங்கே எடுக்காது.

கம்பெனிகள் இணைந்த பிறகு ஒரே ஊரில் இரண்டு டவர் எதற்கு என்ற கேள்வி வந்தது. நொச்சிமேட்டுக்கு அருகில் பெரிய சாலையோரம் மெரிடாவின் டவர் ஒன்று இருந்தது. அது சாலைக்காகப் போட்டது. ஆன்டெனாக்கள் வடக்கும் தெற்கும் பார்த்திருக்கும். கடலைப் பார்த்து ஒன்றுகூட இல்லை. இரண்டில் எதை நிறுத்துவது என்று பார்க்க அஃப்தாபை அனுப்பினார்கள். காரில் லேப்டாப்போடு நான்கு போன்களை மாட்டிக்கொண்டு சாலை சாலையாகப் போக வேண்டும். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் திரையில் பச்சைப் புள்ளி விழும், இல்லாத இடத்தில் சிவப்பு. நொச்சிமேட்டு டவரின் சிக்னலை மட்டும் சிறிது நேரம் நிறுத்திவிட்டு ஓட்டிப் பார்த்தார். பெரிய சாலை முழுக்கப் பச்சை. குப்பத்துத் தெருக்களில் பச்சையும் மஞ்சளும். கார் கரை வரைக்கும்தான் போகும். அதற்கு அப்பால் திரையில் வெறும் நீலம். அங்கே பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை.

ஊரப்பாக்கத்தில் இருந்த மண்டல அலுவலகத்தில் மேனேஜர் பரணிதரனிடம் இதைச் சொன்னார்.

"சார், கரையில ஓகே. கடலுக்குள்ள ஒரு கிலோமீட்டர் போனா செத்துடும். அந்த ஜனங்க பொழுதன்னைக்கும் தண்ணி மேலதான் இருக்காங்க."

"கடல்ல யாரு குடியிருக்காங்க அஃப்தாப்? நம்ம கணக்கு ரோடும் ஊரும்தான்" என்றார் பரணிதரன். அவர் கெட்டவர் இல்லை. மெரிடாவிலிருந்து வந்தவர், தன் நாற்காலி எத்தனை நாளைக்கு என்று அவருக்கே தெரியாது. "இது சும்மா லிஸ்ட்தான்யா. பழைய உரிமக் கட்டண பாக்கி, அதுக்கு மேல வரி, வட்டின்னு கம்பெனி கழுத்துல கத்தி தொங்குது. டெல்லியில ஏதாவது சலுகை குடுத்தா ஒரு டவரையும் மூட மாட்டாங்க. குடுக்கலன்னா மொத்தக் கடையும் மூடல்தான். நீ எதுக்கு இந்த ஒண்ணுக்கு மல்லுக்கு நிக்கற?"

அஃப்தாப் நிரப்ப வேண்டிய படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. இந்த டவரை நிறுத்தினால் வாடிக்கையாளர்களுக்குப் பாதிப்பு உண்டா? அஃப்தாப் பேனாவை எடுத்தார். மகள் அலீனா அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். ஒன்பது பேர் ஏழு பேர் ஆகப்போவதாக ஒரு பேச்சும் இருந்தது. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் செய்து கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் டீக்கடையில் பேப்பரைப் படித்த விதமே மாறிப்போனது. சலுகை வருமா, வராதா என்று மட்டும் தேடினார். ஒரு நாள் வரும் போலிருக்கும், மறுநாள் வராது போலிருக்கும். வீட்டில் நஜ்மா சோற்றைப் போட்டுவிட்டு, "இன்னாங்க, டெல்லியில இருக்கறவங்க உங்கள நெனச்சிகினா சாப்பிடறாங்க? ஆறிப்போவுது, துண்ணுங்க" என்பாள்.

அந்தச் சமயத்தில்தான் வேறொரு பெரிய கம்பெனி நொச்சிமேட்டுக்கு வடக்கே புதிதாக டவர் போட்டது. உயரமான டவர், கடல் பக்கமும் பார்த்தது. அவர்களுடைய ஆட்கள் குப்பத்து முனையில் கலர் குடையை நட்டு, நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றித் தருகிறோம் என்று கூவினார்கள். முதல் மாதம் இலவசம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அஃப்தாப் டீசல் கேனோடு போனபோது குடையின் கீழ் நல்ல கூட்டம். வரிசையில் நான்காவதாக வரதன், கையில் ஆதார் அட்டையோடு நின்றார்.

அஃப்தாப் டீசல் கேனை மணலில் இறக்கி வைத்தார். யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்ற கணக்கு டவருக்கு டவர் அலுவலகத்துக்குப் போகும். குப்பம் மொத்தமாக மாறிவிட்டால் நொச்சிமேட்டின் எண்ணிக்கை தரைக்கு இறங்கிவிடும். அப்புறம் எந்தச் சலுகை வந்தாலும் அந்த டவரைக் காப்பாற்ற முடியாது. வரதனின் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"அண்ணாத்த, மாத்தாத. நான் சொல்றேன், மாத்தாத."

"இல்ல பாய், உன் கம்பெனி மூடிடப் போறாங்கன்னு அவன் சொல்லிகினு கீறான்..."

"அவன் விக்க வந்தவன், அப்டித்தான் சொல்லுவான். நான் தெனம் பேப்பர் பாக்கறேன். கவர்மெண்டு வரியைத் தள்ளிப் போடப்போவுது. கம்பெனி நிக்கும். நீங்கல்லாம் போய்ட்டாதான் டவர் போவும்."

வரதன் ஆதார் அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "பாய் சொன்னா சரி" என்றார். அவர் நகர்ந்ததும் இன்னும் பத்துப் பதினைந்து பேர் வரிசையை விட்டு விலகினார்கள். மற்றவர்கள் மாறிக்கொண்டார்கள். இத்தனை பேராவது நின்றார்களே என்று அஃப்தாப் அன்று நிம்மதியாக வண்டியைக் கிளப்பினார்.

புரட்டாசியில் அந்தச் செய்தி வந்தேவிட்டது. தொலைபேசிக் கம்பெனிகளின் பழைய பாக்கிகளை உடனே கட்ட வேண்டாம், சில வருடம் கழித்துக் கட்டலாம் என்று அரசு அறிவித்தது. டீக்கடையில் அஃப்தாப் அந்தப் பக்கத்தை உரக்கப் படித்தார். எல்லோருக்கும் தன் காசில் டீ சொன்னார். அங்கிருந்தே வரதனுக்குப் போன் போட்டார்.

"நான் சொன்னேன் இல்ல? வந்துடுச்சி அண்ணாத்த. டவர் எங்கியும் போவாது."

"தெய்வம் நீ" என்று அந்தப் பக்கம் வரதன் சிரித்தார்.

சரியாக மூன்று வாரம் கழித்து, ஐப்பசி பிறந்த வாரத்தில், அஃப்தாபின் போனுக்கு ஒரு பட்டியல் வந்தது. நிறுத்த வேண்டிய டவர்கள் பதினான்கு. ஆறாவது வரியில் நொச்சிமேட்டுக்குப்பம். ஊரப்பாக்கத்துக்கு ரயிலேறி ஓடினார்.

"சார், சலுகைதான் வந்துடுச்சே. அப்புறமும் எதுக்கு மூடறாங்க?"

பரணிதரன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சலுகைன்னா தள்ளுபடின்னு நெனச்சியா? தள்ளிதான் வச்சிருக்காங்க, அதுவும் வட்டியோட. அது வேற கணக்கு. டவர் மூடறது இணைப்பு நடந்த அன்னைக்கே எழுதின திட்டம். செலவை எவ்வளவு கொறைப்போம்னு பங்குதாரருக்குச் சொல்லியாச்சு. சலுகை வந்தாலும் மூடுவாங்க, வரலைன்னாலும் மூடுவாங்க."

"அப்ப நீங்க எங்கிட்ட சொன்னது?"

"எங்கிட்ட என்ன சொன்னாங்களோ அதைத்தான்யா உங்கிட்ட சொன்னேன்."

அஃப்தாப் அங்கேயே உட்கார்ந்து கடல் பகுதிக்குப் பாதிப்பு உண்டு என்று ஒரு மின்னஞ்சல் எழுதினார். பதில் மறுநாளே வந்தது. அவர் கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல்தான் பதில். 'இல்லை' என்ற கட்டத்தைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் கையாலேயே நொச்சிமேட்டு டவரை அணைத்தார். கேபினுக்குள் வரிசையாக விசைகளைக் கீழே தள்ளியதும் மின்விசிறிகளின் இரைச்சல் அடங்கியது. பன்னிரண்டு வருடமாக அந்த இரைச்சல் இல்லாமல் அந்த அறையை அவர் கேட்டதே இல்லை. வெளியே வந்தால் வேலியோரம் வரதன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"இன்னா பாய், ரிப்பேரா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேலதிகாரி ஒருவர் சென்னையிலிருந்து வெள்ளிக்கிழமை முடிவு தெரிவிப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தார் அஃப்தாப்.

"ஒரு சின்ன பேஜாரு அண்ணாத்த. மேல பேசிகினு இருக்கேன். ரெண்டு நாள் பொறு, வந்துடும்."

"அதுக்கென்ன, ரெண்டு நாள்தானே" என்றார் வரதன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வரதன் தனியாகத் தெப்பத்தில் கடலுக்குப் போனார். என்ஜின் மாட்டிய சிறிய ஃபைபர் தெப்பம். தூண்டில் போட்டுவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்பிவிடுகிறவர். கூட வழக்கமாகப் போகும் பங்காளிக்கு அன்று காய்ச்சல். கடல் அமைதியாகத்தான் இருந்தது. எச்சரிக்கை எதுவும் இல்லை. பத்து மணிக்கு மேல் வாடைக் காற்று பிடித்துக்கொண்டது.

மதியம் இரண்டு மணிக்கு அஃப்தாப் ஜும்மா தொழுகை முடிந்து வெளியே வந்து போனை எடுத்தார். சென்னை மேலதிகாரியிடமிருந்து ஒரு வரி வந்திருந்தது: முடிவில் மாற்றம் இல்லை. அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே தனகோடி கூப்பிட்டாள். யாருடைய போனிலிருந்தோ பேசினாள்.

"பாய், அவரு இன்னும் வர்ல. போன் போட்டா ரிங்கே போவமாட்டேங்குது. உன் டவரை செத்த நேரம் ஆன் பண்ணு பாய். ஒரே ஒரு வாட்டி ஆன் பண்ணு, எங்க கீறாருன்னு கேட்டுட்டு அணைச்சிக்கோ."

அஃப்தாப் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டும்போதே பரணிதரனுக்குப் போன் செய்து, அனுமதி கொடுங்கள், ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்திவிடுகிறேன் என்று கெஞ்சினார். பரணிதரன், "ஓட்டித் தொலை, நான் பாத்துக்கறேன்" என்றார். ஆனால் கேபினைத் திறந்து பார்த்தபோது உள்ளே கார்டுகள் இல்லை. முந்தின நாள் மாலையே கம்பெனியின் சாமான் எடுக்கும் வண்டி வந்து கழற்றிக்கொண்டு போயிருந்தது. வெறும் கம்பிகள் தொங்கின. தனகோடி வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கம்பிகளைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

குப்பத்துப் படகுகள் நான்கு தேடப் போயின. கடலோரக் காவல் படகும் வந்தது. சனிக்கிழமை முழுவதும் ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடப்பாக்கம் பக்கத்துப் படகுக்காரர்கள் தெப்பத்தைக் கண்டுபிடித்தார்கள். கவிழாமல் மிதந்துகொண்டிருந்தது. என்ஜினின் மூடி கழற்றியிருந்தது. ஸ்பானர் ஒன்று பலகையில் கிடந்தது. வரதன் இல்லை. என்ஜினோடு மல்லாடும்போது தவறி விழுந்தாரோ, கரை தெரிகிறதே என்று நீந்தப் பார்த்தாரோ, யாருக்கும் தெரியாது. உடல் கிடைக்கவே இல்லை.

தூண்டில் பெட்டிக்குள், இரண்டு பாலிதீன் பையில் சுற்றி, அவருடைய போன் பத்திரமாக இருந்தது.

போலீஸ் பார்த்துவிட்டு அதைத் திருப்பிக் கொடுத்த நாளில் தனகோடி அஃப்தாபை வரச்சொன்னாள். பேட்டரி தீர்ந்து அணைந்திருந்தது. வரதனுடைய சார்ஜரில் போட்டு உயிர் வந்ததும் அஃப்தாப் கையில் கொடுத்தாள். "எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாது. யாருக்கெல்லாம் போன் பண்ணாருன்னு சொல்லு."

அஃப்தாப் பட்டியலைத் திறந்தார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பதில் ஆரம்பித்திருந்தது. ஒன்றுகூடப் போய்ச் சேராதவை. மாலை ஐந்து மணி வரைக்கும் முயன்றிருந்தார்.

"உனக்குத்தான் நெறைய. முப்பத்தோரு தடவை" என்றார். "எனக்கு ஒன்பது."

அவர் வேறொன்றையும் தேடினார். நூற்றுப் பன்னிரண்டு என்ற அவசர எண் அந்தப் பட்டியலில் இல்லை. அதை அடித்திருந்தால் சொந்தக் கம்பெனியின் சிக்னல் இல்லாவிட்டாலும் போயிருக்கும். எந்தக் கம்பெனியின் டவர் எட்டுகிறதோ அதன் வழியாக அழைப்பு போய்விடும். வடக்கே இருந்த அந்தப் புது டவர் கடலைப் பார்த்தபடிதான் நின்றது. டெக்னீஷியன் வேலையில் சேர்ந்த முதல் வாரம் சொல்லிக்கொடுக்கும் விஷயம் இது. பன்னிரண்டு வருடம் அந்த வீட்டில் சாப்பிட்டார். வரியைப் பற்றிச் சொன்னார், கம்பெனி இணைப்பைப் பற்றிச் சொன்னார், பங்கு விலையைப் பற்றிச் சொன்னார். இதை ஒரு நாளும் சொன்னதில்லை.

எல்லாவற்றையும் தனகோடியிடம் சொல்லிவிட்டார். படிவத்தில் போட்ட கையெழுத்து, சிவப்பு வட்டம், சின்னக் கோளாறு என்று சொன்ன பொய், அவசர எண், எதையும் மறைக்கவில்லை. திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவள் முந்தானையால் போனின் திரையைத் துடைத்தாள்.

"கையெழுத்து நீ போடலன்னா வேற ஒருத்தன் போட்டிருப்பான். அத வுடு" என்றாள். "குடைக்காரன்கிட்ட நின்னவரை இட்டுகினு வந்த பாரு. அத மட்டும் நீதான் பாய் பண்ண."

உடல் கிடைக்காததால் வரதன் சாகவில்லை என்பதே காகிதத்தின் கணக்கு. காணாமல் போனவர் என்றுதான் எழுத முடியும். இறப்புச் சான்றிதழுக்குச் சட்டப்படி ஏழு வருடம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். முன்னதாகத் தர வழி இருந்தால் பாருங்கள் என்று கேட்டு, திங்கட்கிழமை குறைதீர்ப்புக் கூட்டத்தில் மனுக் கொடுக்க தனகோடி செங்கல்பட்டு கலெக்டர் அலுவலகத்துக்கு வந்தாள். அஃப்தாபும் போனார். அவர் கையில் தனியாக நான்கு பக்கம் இருந்தது. மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது. டவரை நிறுத்தினால் கடலில் இருப்பவர்களுக்கு ஆபத்து என்று தெரிந்தும் பாதிப்பு இல்லை என்று எழுதியவன் நான், மாற்றுச் சிம் வாங்கப் போனவரைத் தடுத்தவன் நான், என் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். எழுதும்போது நஜ்மா பக்கத்திலேயே இருந்தாள். "வேலை போவும்" என்றாள். பிறகு, "போவட்டும், எழுதுங்க" என்றாள்.

மனு வாங்கிய மேசையில் இருந்தவர் நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். நடுவயதுக்காரர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"பாய், நீங்க உங்க மேலயே புகார் குடுத்திருக்கீங்க."

"ஆமா சார்."

"டவரை மூடறது கம்பெனி இஷ்டம். நீங்க சம்பளத்துக்கு இருக்கறவரு. சிம்மை மாத்தாதீங்கன்னு யாரு வேணா யாருக்கு வேணா சொல்லலாம். இது எந்தக் குத்தத்துலயும் வராதே. நான் எதுல இத சேக்கறது?"

"எதுலயாவது சேருங்க சார்" என்றார் அஃப்தாப்.

மனு வாங்கியவர் இரக்கத்தோடு பார்த்துவிட்டு, முத்திரை குத்தி, ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். தொலைபேசித் துறைக்கு அனுப்பிவைப்பதாகச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. விதிகளின்படி நிலப்பகுதியில் சேவை தொடர்ந்து வழங்கப்படுவதாகக் கம்பெனி பதில் அளித்திருப்பதால் மனு முடித்துவைக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. நஜ்மா சொன்னதுபோல வேலை அப்போது போகவில்லை. அவரை ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கக்கூட இல்லை. மிச்சமிருந்த டவர்களையும் பட்டியல்படி அவரே போய் அணைத்தார். தை மாதத்தில் ஏஜென்சியை இன்னொரு ஏஜென்சி வாங்கிக்கொண்டது. அதில் ஒன்பது பேருமே தேவைப்படவில்லை. இப்போது கருங்குழியில் ஒரு கடையில் கண்காணிப்புக் கேமரா மாட்டும் வேலைக்குப் போகிறார். எந்தச் சிம் நல்லது என்று வாடிக்கையாளர்கள் கேட்டால், எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறிவிடுகிறார்.

மனுக் கொடுத்த அன்று, திரும்பும்போது தனகோடியைப் பேருந்து நிலையம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். மாமல்லபுரம் வண்டி வர நேரமிருந்தது. டீ வாங்கி வந்து கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். இனிமேல் மாதா மாதம் வந்து பார்ப்பதாகவும், என்ன வேண்டுமென்றாலும் கேட்கலாம் என்றும் அஃப்தாப் சொன்னார்.

"வேணாம் பாய்" என்றாள் தனகோடி. கோபம் இல்லாமல்தான் சொன்னாள். "நீ நல்லவன்தான். ஆனா வூட்டுக்கு வராத. உன்னப் பாத்தா எனக்கு அவரு ஞாபகம் வர்ல. ரெண்டு நாள் பொறுன்னு நீ சொன்னதுதான் ஞாபகம் வருது."

வண்டி வந்து நின்றது. அவள் டீயை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஏறினாள். அந்தப் பக்கத்து ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டதால் வண்டி கிளம்பும்போது அவளுடைய முதுகுதான் தெரிந்தது.